நெற்றி முடியால் வந்த வம்பு! தங்கக் காசுப் பெண்ணுக்கு மறுபடி தலைவாரல்

நெற்றியில் ஒரு முடிச்சுருள் புரண்டால் குடியா முழுகிவிடும்? சுவிட்சர்லாந்தில் ஒரு தங்கக் காசுக்கு அதுவே வம்பாகிவிட்டது!

1897-ம் ஆண்டு 20 பிராங்க் தங்கக் காசு புதிதாக வர இருந்தது. பிரிட்ஸ் லாண்ட்ரி என்ற கலைஞர் அதற்கு ஒரு இளம்பெண்ணின் முகத்தை வடித்தார். பின்னால் ஆல்ப்ஸ் மலை. பின்னிய சடை, பூமாலை. நெற்றியில் சின்னதாக ஒரு முடிச்சுருள்.

அடக்கம் போதாதாம்!

நாட்டின் சின்னமாக நிற்கும் பெண் இவ்வளவு மினுக்கலாமா என்று எதிர்ப்பு கிளம்பியது. விரல்விட்டு எண்ணும்படி சில மாதிரிக் காசுகளே அடித்திருந்தார்கள். அதோடு சரி. சுருளை எடுத்துவிட்டு, முடியைப் படிய வாரிய பெண்ணோடு காசு வெளிவந்தது.

செல்லப் பெயர்

'வெரேனா' என்ற பெயரைச் சுருக்கி, ஜனங்கள் இந்தக் காசை 'விரேனெலி' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். எடை 6.45 கிராம், முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆயிரத்தில் 900 பங்கு சுத்தத் தங்கம். 1949 வரை 5 கோடிக்கு மேல் அடித்தார்கள்.

சாதாரண விரேனெலி பெரும்பாலும் தங்க விலைக்கே கைமாறுகிறது. சுருள்முடிக் காசு ஏலத்துக்கு வந்தாலோ, தங்கத்தைப் போலப் பல மடங்கு விலை!

அன்று வேண்டாம் என்று ஒதுக்கிய முடிக்குத்தான் இன்று இத்தனை மவுசு!