கடைக்கு முன்னால் உள்ள நடைபாதை யார் பொறுப்பு?

நகரத்துக் கடையின் படிக்கும் சாலை விளிம்புக்கும் இடைப்பட்ட சில அடி நடைபாதை சட்டப்படி பொதுமக்களுக்கு உரியது. அதைப் பராமரிப்பது உள்ளாட்சி அமைப்பின் வேலை. நடைமுறையிலோ அது கடைக்காரரின் முற்றமாகவே நடத்தப்படுகிறது. காலையில் கடை திறந்ததும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பது தமிழக வணிகர்களிடம் நெடுங்காலமாக இருந்துவரும் நல்ல வழக்கம் என்றாலும், பெருக்கிய குப்பை போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. சென்னை போன்ற நகரங்களில் அது பல வேளைகளில் நடைபாதை ஓரத்து மழைநீர் வடிகாலின் திறப்புக்குள் தள்ளப்படுகிறது, அல்லது அடுத்த கடையின் எல்லைக்கு நகர்த்தப்படுகிறது. வாசல் பளிச்சென்று இருப்பதால் மட்டும் தெரு சுத்தமாகிவிடுவதில்லை.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதில் கடமையைத் தெளிவாகப் பிரித்தன. வீடு, கடை, அலுவலகம் என எதுவானாலும் குப்பை உண்டாகக் காரணமானவரைக் 'கழிவு உருவாக்குபவர்' என்று குறிப்பிட்ட அவ்விதிகள், அவர் தம் கழிவைத் தெருவிலோ, திறந்த பொது இடத்திலோ, வடிகாலிலோ வீசுவதையும் எரிப்பதையும் புதைப்பதையும் தடைசெய்ததோடு, அதை மக்கும் கழிவு, மக்காத கழிவு, தீங்கு விளைவிக்கும் வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரித்து ஒப்படைக்கவும் பணித்தன. அவற்றுக்கு மாற்றாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், ஈரக்கழிவு, உலர்கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் தேவைப்படும் கழிவு என்று இப்பிரிவினையை நான்காக்கின. தெருவைப் பெருக்குவது உள்ளாட்சியின் கடமை என்பதால், நடைபாதையில் உதிரும் மர இலைகளுக்குக் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டியதில்லை. தம் கடையிலிருந்து வெளியேறும் பொருளுக்கு அவரே பொறுப்பு.

வாடிக்கையாளர் குடித்துவிட்டு வீசும் தேநீர்க் குவளை யாருடைய கழிவு என்ற கேள்வி இங்கே எழுகிறது. 2016 விதிகள், தட்டு, குவளை, மீந்த உணவு முதல் தேங்காய் ஓடு வரை தம் வியாபாரத்தில் உண்டாகும் கழிவுக்கெனத் தனிக் கலன் வைத்திருக்க வேண்டும் என்று தெருவோர வியாபாரியிடம் வெளிப்படையாகவே கேட்டன. தள்ளுவண்டிக்காரரிடம் எதிர்பார்க்கப்படும் பொறுப்பு, கூரையும் கதவும் மின்இணைப்பும் உள்ள கடைக்குக் குறைவாக இருக்க நியாயமில்லை.

வடிகாலுக்குள் தள்ளப்படும் குவளையும் நெகிழி உறையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நீரோட்டத்தை மறிப்பதால், தேங்கும் தண்ணீர் அதே கடைகளுக்குள் புகுகிறது. தடையின்றி ஓடிவிட்டாலோ அந்தக் குப்பை கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் சென்று சேர்கிறது. இளநீர் மட்டையிலும் பழைய டயரிலும் தேங்கும் சிறிதளவு நீரே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடப் போதுமானது. ஆயுதபூசையின்போது திருஷ்டி கழிக்க உடைத்துவிட்டு அப்படியே விடப்படும் பூசணிக்காயில் இருசக்கர வாகனங்கள் வழுக்கி ஆட்கள் விழுவது, உடைத்த கையோடு துண்டுகளை அள்ளிவிட்டால் முற்றிலும் தவிர்க்கக்கூடிய விபத்து. குப்பையோடு கலந்து வைக்கப்படும் கண்ணாடிச் சில்லும் உடைந்த குழல்விளக்கும் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, உணவகத்தின் கொழுப்புக் கழிவால் வாசலிலுள்ள பாதாளச் சாக்கடை அடைத்துக்கொள்ளும்போது, அவசரத்துக்கு யாரோ ஒருவரைக் கூலிக்கு அழைத்து உள்ளே இறக்குவது. சாக்கடைக்குள் உண்டாகும் நச்சுவாயு சில நொடிகளில் மயக்கத்தையும் மரணத்தையும் விளைவிக்கக்கூடியது. உரிய பாதுகாப்பு ஏற்பாடின்றி ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதைக் கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துதல் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013 தடைசெய்கிறது. முதல் முறை குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இறங்குபவர் தாமே ஒப்புக்கொண்டார் என்ற வாதம் அமர்த்தியவரைக் காப்பாற்றாது.

நடைபாதையைத் தினமும் சுத்தம் செய்பவருக்கு அதன்மீது எந்தத் தனியுரிமையும் உண்டாவதில்லை. பெருக்கிய இடத்தில் படிக்கட்டை நீட்டுவதும், சரக்கை அடுக்குவதும், ஜெனரேட்டரை நிறுத்துவதும், சங்கிலி கட்டி வாகனங்களுக்கு ஒதுக்குவதும் ஆக்கிரமிப்பே. இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி, தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலத்தை வேண்டுகிறது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, உயிர்வாழும் உரிமையை உறுதிசெய்யும் அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. பொதுவழியில் தடை ஏற்படுத்துவோருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவின்கீழ் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

தூய்மையைக் காரணம் காட்டி வாசலோரப் பூக்காரரையோ பழவண்டிக்காரரையோ கடைக்காரர் தாமே விரட்டவும் சட்டத்தில் இடமில்லை. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014 அவர்களுடைய பிழைப்பைப் பாதுகாக்கிறது. இடமாற்றம் செய்வதானாலும் வெளியேற்றுவதானாலும் உள்ளாட்சி அமைப்பே 30 நாள் முன்னறிவிப்புடன் அதைச் செய்ய வேண்டும். குப்பைக் கலனைப் பொதுவாக வைத்து இருவரும் பயன்படுத்துவதற்கு எந்தத் தடையும் கிடையாது; பூக்கடையும் பலசரக்குக் கடையும் அருகருகே இருக்கும் தெருக்களுக்கு அதுவே பொருத்தமான ஏற்பாடு.

தீர்வு தேடுவோர் சென்னையில் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் அளித்து, புகார் எண்ணையும் தேதியிட்ட ஒளிப்படங்களையும் பாதுகாத்து வைப்பது முதற்படி. அபராதம் விதிக்கப்படும் கடைக்காரருக்கு, எந்த விதியின்கீழ் அது விதிக்கப்படுகிறது என்பதைக் கேட்டறியவும் ரசீது பெறவும் உரிமை உண்டு. ரசீதில்லாமல் கேட்கப்படும் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

புகாரால் பயன் விளையாதபோது, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ் கோட்ட அளவிலான நிர்வாக நடுவரிடம் மனு அளிக்கலாம். பொது இடத்திலுள்ள தொல்லையை இன்ன காலத்துக்குள் நீக்க வேண்டும், மறுப்பிருந்தால் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்று அவர் பிறப்பிப்பது 'நிபந்தனை ஆணை' எனப்படும். இப்பிரிவின் முன்னோடியான, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவைக் கொண்டுதான் மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரவாசிகள் திறந்த சாக்கடைக்கு எதிராக வழக்காடினார்கள். 1980இல் அவ்வழக்கில் தீர்ப்பெழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று நிலைநாட்டினார். குப்பை வண்டி ஒழுங்காக வராத தெருக்களின் வணிகர்கள் இத்தீர்ப்பை அறிந்திருப்பது நல்லது. தங்கள் தெரு எந்தெந்த நாளில் பெருக்கப்பட வேண்டும், வடிகால் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, அந்தப் பணியின் ஒப்பந்தம் யாரிடம் உள்ளது ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் எழுத்தில் கேட்டால், மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.