நாலு அப்பா, நாலு பையன், 56,000 ரூபாய்

கோயம்புத்தூரிலிருந்து நாலு நண்பர்கள், ஆளுக்கொரு பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு சனி, ஞாயிறு ஆலப்புழை போய் வந்தோம். ஆன செலவு 56,000 ரூபாய். தலைக்கு 7,000, அப்பாவும் பையனும் சேர்ந்த ஜோடிக்கு 14,000. பையன்கள் 10 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். பெரியவன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, செலவு, நேரம், எடை மூன்றையும் எழுதச் சொல்லியிருந்தோம். ஊர் திரும்பிக் கூட்டிப் பார்த்தபோது, காசு போன இடம் ஒன்றாகவும் பையன்கள் குதூகலித்த இடம் வேறாகவும் இருந்தன. இதே பயணத்தைத் திட்டமிடும் அப்பாக்களுக்கு அந்த நோட்டு உதவும்.

செலவுப் பட்டியல்

படுக்கை வசதிப் படகு, 4 அறை, 4 வேளைச் சாப்பாட்டோடு: 28,000
வேன், போக வர 500 கி.மீ., பர்மிட், டோல், பேட்டா உட்பட: 15,000
பையன்களுக்கு லைஃப் ஜாக்கெட், 4: 3,600
வழிச் சாப்பாடு: 3,100
மீன், இறால்: 2,400
ஷிகாரா (சின்னப் படகு), 2 மணி நேரம்: 1,600
படகு ஊழியர் மூவருக்கு அன்பளிப்பு: 1,500
தண்ணீர் கேன், பழம், மருந்து, அரசுப் படகு டிக்கெட்: 800

மொத்தத்தில் சரிபாதி படகு வாடகை. வேன் கால் பங்குக்குச் சற்று மேல். மற்ற ஆறு இனமும் சேர்ந்தே 13,000தான். ஆகவே பேரம் பேசுவதென்றால் முதல் வரியில்தான் பேச வேண்டும். மழைக்காலத்தில் வாடகை இறங்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் ஏறும். ஆகஸ்டில் புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப் போட்டி நடக்கும் நாட்களிலும் கூட்டம் அதிகம்.

21 மணி நேரத்தில் ஓடியது ஐந்தரை

படகில் ஏறியது சனிக்கிழமை மதியம் 12 மணி. இறங்கியது ஞாயிறு காலை 9. கையில் இருந்தது 21 மணி நேரம். வாடகையை இதனால் வகுத்தால் மணிக்கு 1,333 ரூபாய். எட்டுப் பேருக்கு அது அதிகமில்லை என்றே தோன்றும்.

ஆனால் படகு 21 மணி நேரமும் ஓடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கரையோரம் நின்றது. மாலை ஐந்தரைக்குக் கட்டிப் போட்டுவிட்டார்கள். மறுநாள் 8 மணிக்குக் கிளப்பி 9 மணிக்குத் துறை சேர்த்தார்கள். ஆக, ஓடியது ஐந்தரை மணி நேரம். இப்போது வகுத்தால் மணிக்கு 5,090 ரூபாய்.

மாலையிலேயே நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சின்னவன், படகோட்டும் ஸ்ராங்கிடம் கேட்டான்: “அண்ணா, ராத்திரி ஏன் ஓட்ட மாட்டீங்க?” அவர் காயலைக் காட்டி, “இருட்டினா இது வலைக்காரங்களோடது மோனே. நம்ம ஓட்டினா வலை அறுந்துபோகும்” என்றார். இரவில் காயல் மீனவர்களுடையது என்பது அங்கே கட்டாய விதி. படகு பேசும்போதே, ‘எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள்?’ என்று கேட்டுக்கொள்வது நல்லது. அறை எண்ணிக்கையும் சாப்பாட்டுப் பட்டியலும் எல்லோரும் சொல்வார்கள். இதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

நோட்டில் இன்னொரு வரியும் உண்டு. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஏ.சி.க்காக ஜெனரேட்டர் ஓடியது. அது ஒன்பது மணி நேரம். படகை ஓட்டியதைவிட ஏ.சி.யை ஓட்டியதுதான் அதிகம். அக்கம்பக்கத்தில் கட்டியிருந்த படகுகளிலும் இதே சத்தம். காயலின் ராத்திரியைக் கேட்க வந்தவர்கள், காசு கொடுத்து ஜெனரேட்டரைக் கேட்டோம்.

மீன் கணக்கு

வாடகையில் அடங்கிய சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு துண்டு மீன் உண்டு. மேலே வேண்டுமென்றால் வழியில் மீன் கடைத் துறையில் நிறுத்தி நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். கரிமீன் 2 கிலோ 1,200 ரூபாய், இறால் ஒன்றரைக் கிலோ 1,200. பொரித்துத் தரத் தனிக் கூலி இல்லை.

2 கிலோவுக்கு எட்டு மீன் நின்றது, தலைக்கு ஒன்று. சமையற்காரர் செதில் சுரண்டி, இரு பக்கமும் மூன்று மூன்றாகக் கீறி, மிளகாய், மிளகு, மஞ்சள், இஞ்சி பூண்டு அரைத்த விழுதைக் கீறலுக்குள் விரலால் அழுத்தினார். அரை மணி ஊறப்போட்டுத் தேங்காய் எண்ணெயில் போட்டார். வீட்டில் மீன் என்றால் முகம் சுளிக்கும் பையன், முள்ளைத் தட்டோரமாக அடுக்கி வைத்துவிட்டு முழு மீனையும் முடித்தான். கேரளம் கரிமீனை 2010-ல் மாநில மீனாக அறிவித்ததன் நியாயம் அவனுக்கு யாரும் சொல்லாமலே விளங்கியிருக்கும்.

குடிநீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு கொண்டுபோனோம். ஒரு லிட்டர் பாட்டிலாக வாங்கியிருந்தால் 40 காலி பாட்டில் சேர்ந்திருக்கும். இந்தக் காயல் அடங்கிய, 2002-ல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த வேம்பநாட்டு ஈரநிலத்தின் பரப்பு 1,51,250 ஹெக்டேர். அதில் நம் 40 பாட்டில் எம்மாத்திரம் என்று ஒவ்வொரு படகும் நினைப்பதால்தான் ஓரங்களில் பாட்டில்கள் மிதக்கின்றன.

1,600 ரூபாய்க்கு 2 மணி நேரம்

பெரிய படகு நுழையாத சின்ன வாய்க்கால்களுக்கு ஷிகாராவில்தான் போக முடியும். ஞாயிறு காலை 6 முதல் 8 வரை எடுத்தோம். மணிக்கு 800, தலைக்கு 100. பெரிய படகு ஓடிய ஒவ்வொரு மணிக்கும் தலைக்கு 636 ரூபாய் ஆகியிருக்கிறது. ஷிகாராவைப் போல ஆறு மடங்கு.

வாய்க்காலில் ஓரிடத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு, துடுப்பைப் பையன்களிடம் கொடுத்தார் படகுக்காரர். ஆகாயத்தாமரை துடுப்பில் சுற்றிக்கொண்டது. ஒருவன் இடப்பக்கம், அவன் அப்பா வலப்பக்கம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போடாததால் படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. “நீங்க மெதுவாப் போடுங்கப்பா, நான் எண்றேன்” என்று பையன் ஒன்று, இரண்டு சொல்ல ஆரம்பித்த பிறகே நேராகப் போனது. அந்த அப்பா மகன் சொல்லுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கட்டுப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை.

வயல் எங்கே, தண்ணீர் எங்கே என்பதும் அங்கேதான் தெரிந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் நாம் படகில்; அந்தப் பக்கம் நெல் நம் கால்மட்டத்துக்கும் கீழே. இந்தக் குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கு 0.6 முதல் 2.2 மீட்டர் வரை தாழ்ந்தவை. தண்ணீரை இறைத்து வெளியேற்றித்தான் விவசாயம். இந்த வயல்களுக்குள் உப்புநீர் ஏறாமல் தடுக்கக் கட்டியதுதான் தண்ணீர்முக்கம் தடுப்பணை; 1976-ல் இயங்கத் தொடங்கியது.

இறங்கிய பிறகு ஆலப்புழைப் படகுத்துறையிலிருந்து நெடுமுடி வரை அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகில் போய்த் திரும்பினோம். எட்டுப் பேருக்கும் சேர்த்தே 300 ரூபாய்க்குள். மீன்கூடை, மளிகைப் பை, கோயிலுக்குப் போகிறவர்கள் என்று ஊரே அதில் ஏறி இறங்கியது.

எடைக் கணக்கும் ஜாக்கெட்டும்

அப்பாக்கள் சராசரி 75 கிலோ, பையன்கள் சராசரி 40, பைகள் 48 கிலோ. மொத்தம் 508. அயினிப் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் இழுத்துக் கட்டிய பழைய கெட்டுவள்ளங்கள், அதாவது இந்தப் படுக்கைப் படகுகளின் முன்னோடிகள், 30 டன் நெல் ஏற்றியவை. அந்தக் கணக்கில் நாங்கள் இரண்டு சதவீதம்கூட இல்லை.

ஆனால் நெல்மூட்டை அடித்தட்டில் கிடக்கும். மனிதர்கள் மேல்தட்டுக்கு ஏறி, ஏதாவது தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவார்கள். அளவுக்கு மேல் ஆளும், ஒரு பக்கச் சாய்வும், போடாத ஜாக்கெட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான்கு தேதிகள் போதும். 2002 ஜூலை 27, குமரகம்: 29 பேர். 2009 செப்டம்பர் 30, தேக்கடி: 45 பேர். 2011 டிசம்பர் 25, நம் பழவேற்காடு: 22 பேர். 2023 மே 7, தானூர்: 22 பேர். நான்கு நாளில் போன உயிர் 118. தானூரில் இறந்தவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள்.

பெரும்பாலான பெரியவர்களின் தலை தண்ணீருக்கு மேலே நிற்க, உடம்பின் மிதப்புக்கு மேல் தேவைப்படுவது சுமார் மூன்று முதல் ஐந்தரை கிலோ தூக்குவிசைதான். 100 நியூட்டன் ஜாக்கெட் சுமார் 10 கிலோ தூக்கும். அளவு சரியாக இருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். பெரியவர் ஜாக்கெட்டை 10 வயதுப் பையன் போட்டால், ஜாக்கெட் மேலே மிதக்கும், பையன் அதற்குள் நழுவுவான். படகுகளில் பெரும்பாலும் இருப்பது பெரியவர் அளவு என்பதால்தான் தலா 900 ரூபாயில் பட்டை வைத்த சிறுவர் ஜாக்கெட் நான்கு வாங்கிப் போனோம். போட்டு, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். காதுக்கு மேல் ஏறினால் அது பெரிது. 3,600 ரூபாய் மொத்தச் செலவில் ஆறரை சதவீதத்துக்கும் குறைவு. அடுத்த பயணத்துக்கும் அதுவே ஆகும்.

மாற்றுக் கணக்கு

படுக்கைப் படகை விட்டுவிட்டால்? வேன் 15,000, கரையோர வீட்டு விடுதியில் 4 அறை 6,000, ஷிகாரா 4 மணி நேரம் 3,200, அரசுப் படகு 500, எட்டுப் பேருக்கு ஆறு வேளைச் சாப்பாடு, வேளைக்கு 150 வீதம், 7,200, ஜாக்கெட் 3,600, அன்பளிப்பு 500. கூட்டினால் 36,000, ஜோடிக்கு 9,000. ஐந்தாயிரம் மிச்சம். இழப்பது, தண்ணீர்மேல் தூங்கும் ஓர் இரவு.

அந்த இரவு ஒரு தடவை வேண்டியதுதான். அதற்கு ஜோடிக்கு 5,000 கொடுக்கலாம். முதல் தடவை போகிறவர்கள் படுக்கைப் படகும் ஷிகாராவும் சேர்த்து எடுங்கள், ஏ.சி. இல்லாத படகாகக் கேளுங்கள். இரண்டாம் தடவை படுக்கைப் படகு வேண்டாம். எந்தத் தடவையானாலும் ஏறுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: படகின் பதிவு எண், அனுமதித்த ஆள் எண்ணிக்கை, ஜாக்கெட் எண்ணிக்கை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், முன்பணம் போனால் போகிறது, ஏறாதீர்கள்.