மணமில்லா நஞ்சு

சேர்வராயன் மலைத்தொடரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது ஏற்காடு. குளிர்காலத்தில் கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் குளிர்காய்வது, இத்தகைய மலையூர்களில் உயிருக்கே உலை வைக்கும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி அறையொன்றில் இளைஞர் இருவர் கரிப்புகையால் மூச்சடைத்து இறந்ததாகச் செய்திகள் வெளிவந்தன.

புகையின்றிக் கனலும் கங்கு தீங்கற்றதாகத் தோன்றும். ஆயினும், காற்றோட்டமற்ற இடத்தில் கரி முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்புடன் பற்றிக்கொள்கிறது. அதனால் மூளையும் இதயமும் ஆக்சிஜனின்றித் தவிக்கின்றன. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியன இதன் முதல் அறிகுறிகள்; உறங்குபவரோ இவற்றை உணர்வதில்லை.

பழுதடைந்த எரிவாயு கீசரும் இந்நஞ்சை உமிழும். அதனைக் குளியலறைக்கு வெளியே பொருத்துதல் வேண்டும். உறங்கும் அறையில் கங்கு கூடாது. அறிகுறி தோன்றின், பாதிக்கப்பட்டவரை உடனே திறந்தவெளிக்குக் கொணர்ந்து 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.