கிளட்ச் வழுக்குகிறதா, ஒட்டுகிறதா?

பழைய மோட்டார் சைக்கிளில் கிளட்ச் கோளாறு என்றதும் பலர் நேரே பட்டறைக்குச் சென்று, தட்டுகளை மாற்றிவிடும்படி சொல்லிவிடுகின்றனர். பணம் செலவான சில வாரங்களில் அதே கோளாறு மீண்டும் தலைகாட்டுகிறது. உண்மையில் தட்டுகள் தேய்ந்திருக்கவே மாட்டா. கோளாறு வேறு இடத்தில் இருந்திருக்கும்.

இயந்திரத்தின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கொண்டு செல்வதும், கியர் மாற்றும்போது அதைத் துண்டிப்பதுமே கிளட்சின் வேலை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் உராய்வுத் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளால் அழுத்தப்பட்டு, எண்ணெயில் நனைந்தபடி இருக்கும்.

இதற்கு வரும் நோய் இரண்டுதான். ஒன்று வழுக்குதல். மேல் கியரில் சமதரையில் செல்லும்போது முறுக்கினால் இயந்திரம் இரைகிறது, வேகமோ கூடுவதில்லை. லாரியை முந்தும் நேரத்தில் இப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மற்றொன்று ஒட்டுதல். கிளட்சைப் பிடித்த பின்னரும் தட்டுகள் விலகுவதில்லை. சமிக்ஞை விளக்கில் நிற்கும் வண்டி முன்னே நகரப் பார்க்கும், நியூட்ரல் விழாது, கியர் போடும்போது ‘கடக்’கென்று சத்தம் வரும்.

இவ்விரண்டும் நேர் எதிரானவை என்பதை மறந்துவிடுவதால்தான் வைத்தியம் தவறிப் போகிறது. கேபிள் அதிகமாக இறுகியிருந்தால் தட்டுகள் முழுமையாகச் சேராமல் வழுக்கும். அதிகமாகத் தளர்ந்திருந்தால் முழுமையாக விலகாமல் ஒட்டும். யமஹா ஆர்எக்ஸ்-இஸட் போன்ற கைக் கிளட்ச் வண்டிகளில் கைப்பிடியின் நுனி சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை வெறுமனே அசைந்த பிறகே இழுவை தெரிய வேண்டும். கேபிளின் முனையில் இழை பிரிந்திருந்தால், சரிசெய்து ஓட்ட முயலாமல் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது. அறுந்துபோகும் கேபிள் வீட்டு வாசலில் அறுவதில்லை!

ஹோண்டா இஎக்ஸ் 5 வகை வண்டிகளுக்குக் கிளட்ச் கைப்பிடியே கிடையாது. கியர் மிதியை அழுத்தும்போது கிளட்ச் தானாக விலகும். இயந்திரத்தின் வலப்புற மூடியில் பூட்டு நட்டுடன் ஒரு திருகு இருக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு நட்டைத் தளர்த்தி, திருகை வலப்பக்கமாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். பின்னர் தடை தெரியும் வரை இடப்பக்கம் மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து மறுபடியும் வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை கொண்டுவந்து, திருகு அசையாதபடி பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். செலவில்லாத வேலை இது. ஆனால், இவ்வண்டி நின்ற இடத்தில் நகரப் பார்த்தால் முதலில் கிளட்சைச் சந்தேகிக்கக் கூடாது. ஐட்லிங் வேகம் கூடுதலாக வைக்கப்பட்டிருந்தாலும் சுழற்சி விசையால் இயங்கும் கிளட்ச் தானாகவே பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் குறைத்தாலே போதும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது எண்ணெய். விலை மலிவு என்று கார் எண்ணெயை ஊற்றுவோர் உண்டு. எரிபொருளை மிச்சப்படுத்தும் கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. காருக்கு நன்மை செய்யும் அதே பொருள் இங்கே தட்டுகளை வழுக்க வைத்துவிடும். போத்தலில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். ‘எம்பி’ குறியுள்ளது ஸ்கூட்டர்களுக்கானது. ஆர்எக்ஸ்-இஸட் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்னொரு மறதியும் நேர்கிறது. 2டி எண்ணெயைத் தவறாமல் ஊற்றுவார்கள். அது எரிந்து போகும் எண்ணெய். கிளட்ச் நனைந்திருப்பதோ தனியான கியர் எண்ணெயில். அதை ஆண்டுக் கணக்கில் மாற்றாதவர்கள் பலர்.

நீண்ட நாள் நிறுத்தி வைத்த வண்டியில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. கைக் கிளட்ச் வண்டியானால், இயந்திரத்தை முடுக்காமல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் அசைத்தால் விடுபட்டுவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் கோளாறு தீராவிட்டால்தான் மூடியைத் திறக்க வேண்டும். உராய்வுத் தட்டுகளின் தடிமனையும் ஸ்பிரிங்குகளின் நீளத்தையும் அளந்து, அந்தந்த வண்டிக்குரிய அளவோடு ஒப்பிட வேண்டும். எஃகுத் தட்டு நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்துவிட்டது என்று பொருள். கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். தட்டுகள் அமரும் கூடையின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளம் இருந்தால் புதுத் தட்டும் அதில் மாட்டிக்கொண்டு ஒட்டும். பள்ளம் லேசானதாக இருந்தால் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆழமானால் கூடையையே மாற்ற வேண்டியதுதான். புதிய உராய்வுத் தட்டுகளை எண்ணெயில் நன்கு ஊறவைத்த பின்னரே பொருத்த வேண்டும். சில நாள் ஓடித் தட்டுகள் படிந்ததும், கைப்பிடி அசைவை மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.