புல்தரையில் பூத்த வெள்ளைக் குடைகள்

ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்தால் போதும். அண்ணாமலை நகரின் புல்தரைகளில் வெள்ளை வெளேரென்று குடைகள் முளைத்துவிடும். "பறித்துக் குழம்பு வைத்தால் என்ன?" என்று நாக்கு கேட்கும். சற்றுப் பொறுங்கள், அம்மணி! காளானுக்கும் குலம் கோத்திரம் உண்டு.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல், குடைக்கு அடியில் விசிறி மடிப்பு உள்ள காளான்களையெல்லாம் 'அகாரிகஸ்' என்ற ஒரே பேரினத்தில் அடைத்துவிட்டார். 1821-ல் அதே நாட்டு ஃப்ரைஸ், மடிப்பிலிருந்து உதிரும் வித்துத் தூளின் நிறத்தைக் கொண்டு அவற்றை வகை பிரித்தார். நாளடைவில் அந்தக் கூட்டுக் குடும்பம் பல தனிக்குடித்தனங்களாயிற்று. இன்று அகாரிகஸ் என்ற பெயர் தங்கியிருப்பது பெரும்பாலும் சாக்லேட் நிறத் தூள் உதிர்க்கும் காளான்களுக்குத்தான். ஊட்டியில் வளர்க்கும் மொட்டுக் காளான் இந்தக் குடும்பம்தான்.

தூளின் நிறத்தைப் பார்ப்பது எப்படி? குடையைக் காம்பு நீக்கி, பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தின்மேல் கவிழ்த்து, டம்ளரால் மூடி வையுங்கள். மறுநாள் காலையில் காகிதத்தில் தூள் கோலம் போட்டிருக்கும்!

கோலம் பச்சையாக இருந்தால் அது 'குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ்'. வெப்ப நாடுகளின் புல்தரைகளில் வளரும் விஷக் காளான். தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் கண்டுவிடும். இளசில் இதன் மடிப்பும் வெள்ளைதான், ஏமாந்துபோவது அதனால்தான்.

பச்சை இல்லையென்றால் தின்னலாமா? கூடவே கூடாது! உயிரைக் குடிக்கும் காளான்களில் சில வெள்ளைத் தூளே உதிர்க்கின்றன. நிறம் குலத்தைச் சொல்லும். குணத்துக்கு ஜாமீன் நிற்காது. வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் வீண் நம்பிக்கை. வேகவைத்தாலும் பல விஷங்கள் போவதில்லை.

ஆசையை அடக்க வேண்டியதில்லை. 1970-களில் வங்காளத்து ஆராய்ச்சியாளர்கள் 'கலோசைபி இண்டிகா' என்று பெயரிட்ட பால் காளான் இருக்கிறதே! கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் அதில் ஏ.பி.கே.-2 என்ற ரகத்தை வெளியிட்டது. நம் ஊர் வெயில் அதற்குப் பிடித்தமானது. வைக்கோலில் செழித்து வளரும். சிதம்பரத்துப் பக்கம் வைக்கோலுக்குப் பஞ்சமா, என்ன?

புல்தரைக் குடைகளைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். காகிதத்தில் கோலம் எடுக்கச் சொல்லுங்கள். கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். குழம்புக்கு மட்டும், வளர்த்து விற்கும் காளானையே வாங்குங்கள்.