பத்தாவது ஃபெயிலானவர்களுக்கு ஒரு கல்லூரி

திருமழிசையில் அவதரித்த ஆழ்வாரைப் பற்றி வைணவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. பிரம்பு அறுத்துப் பிழைக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். பெரும்புலியூரில் ஒரு திண்ணையில் வந்து உட்கார்ந்ததும், அங்கே வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அவர் காதில் விழக்கூடாதாம். குறிப்பறிந்து அவர் எழுந்து நகர, மறுபடி ஓதலாம் என்று பார்த்தால் விட்ட இடம் ஒருவருக்கும் நினைவில்லை. ஆழ்வார் ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். விட்ட அடிக்கான குறிப்பு அதில் இருந்தது.

இன்றைய திருமழிசையில் படிப்பின் வாசலில் இப்படி வெளிப்படையாக யாரும் தடுப்பதில்லை. தடுப்பது மதிப்பெண் பட்டியல். சிட்கோ தொழிற்பேட்டையிலும், பெங்களூரு நெடுஞ்சாலையையொட்டிய தொழிற்சாலைகளிலும் வேலை கேட்டுப் போகும் இளைஞனிடம் முதலில் கேட்பது, பத்தாவது பாஸா, ஐ.டி.ஐ. முடித்தாயா என்பதுதான். இல்லை என்றால் மூட்டை தூக்கும் வேலை, பேக்கிங், அதுவும் ஒப்பந்தக்காரர் மூலம். அந்த இளைஞன் பெரும்பாலும் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் தலைமுறையாக இருப்பான்.

1996இல் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் கால் வைத்தது. இரண்டே ஆண்டில், திருமழிசைக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார்கள் வெளியே வந்தன. அதே 1996இல்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் சென்னை–மயிலை உயர் மறைமாவட்டம் சென்னை சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. கார் தொழிற்சாலை பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி ஆனது. கல்லூரியை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை.

சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவில் தோன்றிய ஏற்பாடு. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கிய கல்லூரியை அதன் முன்னோடி என்பார்கள். இந்தியாவில் முதல் முயற்சி 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்தினுடையது. அதைத் தமிழ்நாட்டு நிலவரத்துக்கு ஏற்ப வளைத்து, ஊர் ஊராகப் பரப்பியவர்களில் முதன்மையானவர் இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ். இதற்கென்றே 1999இல் சென்னையில் ஓர் ஆய்வு, பயிற்சி மையத்தை அமைத்தார். கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் எழுதுவதும் ஆசிரியர்களைப் பழக்குவதும் அந்த மையத்தின் வேலை.

இந்தக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது. வயது வரம்பும் இல்லை. பள்ளியைப் பாதியில் விட்டவர், பிள்ளை பெற்ற பின் படிக்க நினைக்கும் பெண், பத்தாவதில் கணக்கில் போனவர் எல்லோருக்கும் இடம் உண்டு. படிப்பு பெரும்பாலும் ஓராண்டு: ஏ.சி. மெக்கானிக், மின் ஒயரிங், தையல், நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளர் வேலை என்று அந்தந்த வட்டாரத்தில் எந்த வேலைக்கு ஆள் தேவையோ அது. கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே ‘வாழ்க்கைத் திறன்’ வகுப்பு தொடங்கிவிடும். நாலு பேர் முன் எழுந்து பேசுவது, வங்கிப் படிவம் நிரப்புவது, கோபத்தை அடக்குவது, ஓரளவு ஆங்கிலம். கேட்டால் சில்லறை விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒன்பது, பத்து வருடம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்த்தி வைக்கப்பட்ட பையனுக்கு ஸ்பேனர் பிடிப்பதைவிட இதுதான் கடினம். பிறகு ஏதாவது ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி. மதிப்பிடும்போது ஆசிரியரோடு அந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளருக்கும் பங்கு உண்டு.

ஓரத்தில் நிற்பவர்களைத் தேடிக் கற்பிப்பது கத்தோலிக்கக் கல்வி மரபில் புதிதல்ல. 1844இல் புதுச்சேரியில் கூடிய மறைமாவட்டப் பேரவை, பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று முடிவெடுத்தது. எழுத்தறிவு தேவதாசிகளுக்கே உரியது, குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்று பரவலாக நம்பிய காலம் அது. அந்த ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சுக் குருவான துய்ப்புய், பெண்களுக்குக் கற்பிப்பதற்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு ஒரு துறவற சபையை நிறுவினார். இத்தாலியின் தூரின் நகரில் தொன் போஸ்கோ 1850களின் தொடக்கத்தில் இன்னொரு காரியம் செய்தார். தொழில் பழகப் போன ஏழைச் சிறுவர்களுக்காக முதலாளிகளிடம் முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். பையனை வீட்டு எடுபிடியாக வைக்கக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தர வேண்டும். அவர் தொடங்கிய சலேசிய சபை 1906இல் தஞ்சாவூருக்கு வந்தது.

இப்படி ஓரத்தில் தொடங்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் அங்கேயே நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கற்பித்தல் நன்றாக இருந்தால் பெயர் வரும். பெயர் வந்தால் கார் வைத்திருப்பவர்கள் விண்ணப்பப் படிவத்துக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்பார்கள். தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளிகளில் படிப்பவர்களில் ஏறக்குறைய 74 சதவீதம் பேர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள். அதில் குறையொன்றும் இல்லை. எல்லா மதத்துச் சிறுபான்மைப் பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், பின்தங்கிய நிலையிலிருந்து வரும் மாணவர்கள் 8.76 சதவீதம்தான் என்கிறதே அதே அறிக்கை, அதுதான் உறுத்துகிறது. நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்காக அனுப்பியிருக்கிறது. கிராமங்களில் அரசு உதவியோடு நடக்கும் தமிழ்வழி ‘சாமியார் பள்ளிக்கூட’ங்களின் நிலை வேறு. நகரத்துக் கான்வென்ட்டுகளோடு அவற்றை ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

ஜாதிக் கணக்கும் பாக்கி இருக்கிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் ஜாதிவாரியாக மக்களைப் பிரித்து வைத்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதில், 1.9 கோடி கத்தோலிக்கர்களில் சுமார் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், ஆயர்களில் அவர்கள் 12 பேர் மட்டுமே என்றும் பேரவையே ஒப்புக்கொண்டது. இந்தியச் சட்டமோ 1950ஆம் ஆண்டின் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கோயிலுக்குள்ளும் வெளியிலும் இடம் கிடைக்காத இந்தப் பிள்ளைகளுக்கு, நுழைவுத் தேர்வு வைக்காத கல்லூரி எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கல்லூரிகளின் பலவீனம் சான்றிதழில் இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் கிடைத்தபின் நிலைமை ஓரளவு சீரானது. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு முழுக்கப் பெரிய திட்டத்தோடு இறங்கி, சில ஆண்டுகளிலேயே நிறுத்திக்கொண்டது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மாணவர்கள். பிறகு பல்கலைக்கழக மானியக் குழு தன் பங்குக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் பிள்ளையை இப்படிப்பட்ட படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கட்டணத்தைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுவிடுவது நல்லது: சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கும், நேரடிப் பயிற்சி எந்த நிறுவனத்தில், போன வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?