கூட்டி இரண்டால் வகுக்கலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர். பைக்கில் போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். திரும்பும்போது நெரிசல், 20தான். போய்வந்த சராசரி வேகம் எவ்வளவு என்று கேட்டால், பிள்ளைகள் பலரும் சட்டென்று 30 என்பார்கள்.

கடிகாரத்தைப் பார்த்துப் போடுவோம். போக 18 நிமிடம், வர 36 நிமிடம். ஆக 54 நிமிடம், அதாவது 0.9 மணி. மொத்தத் தூரம் 24 கிலோமீட்டர். வகுத்தால் 26.7 வருகிறது. மெதுவாக வந்ததில் இரண்டு மடங்கு நேரம் போயிருக்கிறது. சராசரியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

நின்ற நேரமும் கணக்கில் உண்டு. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் கோயில் தேரைப் பாருங்கள். வடத்தை இழுக்க, சக்கரம் உருளும், கட்டை போட்டதும் நிற்கும், மறுபடி இழுப்பார்கள். 100 மீட்டர் நகர 10 நிமிடம், நின்றது 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், சராசரி வேகம் நிமிடத்துக்கு 5 மீட்டர். கடைசியில் தேர் ரத வீதிகளைச் சுற்றிப் புறப்பட்ட நிலைக்கே வருகிறதே, அப்போது இடப்பெயர்ச்சி சுழி. சராசரித் திசைவேகமும் சுழி. இத்தனை பேர் இழுத்தும் சுழியா என்று மலைக்க வேண்டாம். புறப்பட்ட இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நடுவே எவ்வளவு விலகல் என்பதை மட்டுமே திசைவேகம் பார்க்கிறது.

அப்படியானால் கூட்டி இரண்டால் வகுப்பது எப்போதுமே தப்பா? பொதிகை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிறது. 100 வினாடியில் வேகம் சீராகக் கூடி மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் ஆகிறது என்று கொள்வோம். முடுக்கம், வினாடிக்கு வினாடி 0.2 மீட்டர். இங்கே 0, 20 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கலாம்: சராசரி 10. 100 வினாடியில் ஓடிய தூரம் 1,000 மீட்டர். வினாடி தோறும் ஒரே அளவு வேகம் கூடுவதால், மெதுவான வேகத்துக்கும் விரைவான வேகத்துக்கும் சம நேரமே கிடைக்கிறது. பைக் பயணத்தில் இந்தச் சமம்தான் இல்லாமல் போனது.

இதே கணக்கை ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்திலும் போட்டுப் பார்க்கலாம். உயரம் 192 அடி, ஏறக்குறைய 58.5 மீட்டர். உச்சியிலிருந்து ஒரு கல் நழுவினால், காற்றின் தடையை விட்டுவிட்டால், புவியீர்ப்பு முடுக்கம் 9.8, தரையைத் தொட சுமார் 3.5 வினாடி, தொடும்போது வேகம் மணிக்கு 122 கிலோமீட்டர். பாதி நேரத்தில் பாதி உயரம் இறங்கியிருக்கும் என்று நினைப்போம். இறங்கியிருப்பது கால்வாசிதான், மீதி முக்கால்வாசியும் கடைசி ஒன்றே முக்கால் வினாடியில்.